வால்வுக்கு ஒரு கடிவாளம்

தாத்தா காலத்து ரேடியோப் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் தணல் போல் மினுக்கிக்கொண்டிருக்கும். அவைதாம் வால்வுகள். டிரான்ஸிஸ்டர் வந்தது, ரேடியோவிலிருந்து வால்வு விடை பெற்றுக்கொண்டது. ஆனால் மின்சாரக் கித்தார் வாசிப்பவர்களில் பலர் மட்டும் அதை இன்னும் விட்டபாடில்லை. வால்வில் பிறக்கும் நாதத்துக்குத் தனிக் குழைவு உண்டு என்பது அவர்கள் கட்சி!

இதற்காக வால்வு ஆம்ப்ளிபயரைத் தங்கள் கையாலேயே செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி 1958 முதல் 1960 வரை தயாரித்த ஒரு 'பாஸ்மன்' ஆம்ப்ளிபயர்தான் அவர்களில் பலருக்கு வழிகாட்டி. லண்டனில் ஜிம் மார்ஷலின் வாத்தியக் கடைக்காரர்கள் 1962-ம் ஆண்டு வாக்கில் முதன்முதலாகச் செய்த ஆம்ப்ளிபயரும் அதைப் பார்த்துச் செய்ததுதான்.

கம்பிகளையெல்லாம் பற்றவைத்தாயிற்று, ஸ்விட்சைப் போட்டு வாசிக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

பாஸ்மனின் பெரிய வால்வுகளில் 'பிளேட்' என்ற தகட்டுக்கு 432 வோல்ட் மின்சாரம் போகிறது. சூடேறிய 'கேதோடி'லிருந்து எலெக்ட்ரான்கள் அந்தத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவே 'கிரிட்' என்று ஒரு கம்பி வலை. அதற்குச் சுமார் 48 வோல்ட் எதிர் மின்சாரம் கொடுத்தால் பாய்ச்சல் மட்டுப்படுகிறது. இந்தக் கடிவாளத்துக்குத்தான் 'பயாஸ்' என்று பெயர்.

கடிவாளம் தளர்ந்தால் தகடு கொல்லன் உலை இரும்பு போலச் சிவந்து, சிறிது நேரத்தில் வால்வு பாழாகும். அதிகமாக இறுகினாலோ வால்வு பிழைக்கும். ஆனால் நாதம் வறண்டு கரகரக்கும்.

சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அளந்துதான்! 6எல்6ஜிசி என்ற வால்வின் தகடு 30 வாட் வரை தாங்கும். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அதில் நூற்றுக்கு எழுபது பங்கு, அதாவது 21 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது கைப்பழக்கமுள்ளவர்கள் கணக்கு. 21-ஐ 432-ஆல் வகுத்தால் சுமார் 48 மில்லி ஆம்பியர். கேதோடில் ஒரு ஓம் ரெஸிஸ்டரைச் சேர்த்துவிட்டால், மீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர்!

பழைய பாஸ்மனில் பயாஸைத் திருத்த வழி கிடையாது. இப்போது வீட்டில் செய்கிறவர்கள் அதற்கென்று ஒரு சிறு திருகு வைத்துக்கொள்கிறார்கள். முதலில் கடிவாளத்தை இறுக்கி வைத்து, பிறகு மெல்ல மெல்லத் தளர்த்துவார்கள். மின்னோட்டம் ஏறும்போது தகட்டின் வோல்ட் இறங்கும். ஆகையால் ஒவ்வொரு தடவையும் இரண்டையும் அளந்து பெருக்கிப் பார்க்க வேண்டும்.

படத்தில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பலாமா? கூடாது. அமெரிக்காவில் அன்று 117 வோல்ட் என்று கணக்கிட்டுச் செய்தார்கள்; இன்று அங்கே சுவரில் வருவது 120. பழைய அளவில் செய்த டிரான்ஸ்பார்மரானால் 432 என்பது 443 ஆகிவிடும். வால்வுகளும் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. புது வால்வு போட்டால் மறுபடியும் அளக்கத்தான் வேண்டும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்ஸர்கள் நானூறு வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கக்கூடும். உயிரைக் குடிக்க அது போதும். ரெஸிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடித்துவிட்டு, மீட்டர் வைத்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே கை வைக்கலாம். மின்சாரம் ஓடும்போது அளப்பதானால் ஒரு கை சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்பார்கள் அனுபவசாலிகள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் இப்படிப்பட்ட பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரலாம். அப்போது பின்னாலிருந்து திடீரென்று கூப்பிட்டுவிடாதீர்கள். "பிளக்கைப் பிடுங்கியாச்சு, அம்மா!" என்ற பதிலோடும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். "மீட்டர் என்னடா காட்டுகிறது?" என்று கேளுங்கள். "பூஜ்யம்" என்று பதில் வந்தால் தாராளமாகக் காப்பியை நீட்டலாம்!