கண்ணுக்கு வெளிச்சம், பவளத்துக்கு உணவு

எங்கள் பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் சுமார் 50 லிட்டர் நன்னீர், கொஞ்சம் ஹைட்ரில்லா, பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்கள். அதன்மேல் பல ஆண்டுகளாக 20 வாட் டியூப்லைட் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் சோக் பழுதானபோது, அதே 20 வாட் அளவில் ஓர் எல்.இ.டி. விளக்கை வாங்கிப் பொருத்தினேன். தொட்டி பளிச்சென்று ஆனது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

இரண்டு வாரத்தில் கண்ணாடி முழுவதும் பாசி படர்ந்துவிட்டது. நீர் பச்சையாகி, மீன்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஹைட்ரில்லாவின் இலைகள்மேல் பாசி மூடி, அவை அழுகத் தொடங்கின. அப்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ரெண்டு லைட்டும் 20 வாட்தானே சார்? அப்புறம் எப்படிப் பாசி மட்டும் கூடுச்சு?"

"புது விளக்கு, வெளிச்சம் அதிகம்" என்று அப்போதைக்குச் சொல்லிவிட்டேன். அது அரைகுறைப் பதில் என்பது எனக்கே தெரிந்தது. முழுப் பதிலைத் தேடியபோது, அது பவளப்பாறைத் தொட்டி வளர்ப்பவர்களின் அனுபவத்தில் தெளிவாகக் கிடைத்தது. வெளிநாடுகளில் பலர் வீட்டிலேயே சிறிய கடல்நீர்த் தொட்டிகளில் உயிருள்ள பவளங்களை வளர்க்கிறார்கள். பழைய விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. பொருத்தும்போது அவர்கள் செய்யும் தவறும் நான் செய்ததும் ஒன்றே. எனக்குப் பாசி பிடித்தது. அவர்களுக்குப் பவளம் வெளிறிப்போகிறது. ஒளியைப் பற்றி நாம் நடத்தும் பல பாடங்கள் இந்த ஒரு நிகழ்வில் ஒன்றுசேர்கின்றன.

வாட் எதை அளக்கிறது?

வாட் என்பது விளக்கு ஒரு நொடியில் செலவழிக்கும் மின்னாற்றல். அது தரும் வெளிச்சத்தின் அளவு அல்ல. பழைய 20 வாட் டியூப்லைட் புதிதாக இருந்தபோதே ஏறத்தாழ 1,000 லூமன் அளவுக்கே ஒளி தரும். இன்றைய 20 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 2,000 லூமன் தருகிறது.

இதோடு முடியவில்லை. டியூப்லைட் எல்லாப் பக்கமும் ஒளியை வீசும். மேலே பிரதிபலிப்புத் தகடு இல்லாவிட்டால் பாதி ஒளி கூரைக்குத்தான் போகும். எல்.இ.டி. விளக்கோ ஒளியைக் கீழ்நோக்கியே அனுப்புகிறது. அப்படியானால், முன்பு நீருக்குள் போனது 500 லூமன். இப்போது போவது 2,000 லூமன். வாட் மாறவில்லை, ஒளி நான்கு மடங்கு ஆகிவிட்டது. டியூப்லைட் வயதாக வயதாக மங்கும் என்பதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். மாணவியின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இது.

பவளத்துக்கு ஒளி எதற்கு?

பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் திசுக்களுக்குள் ஜூசாந்தெல்லே என்னும் ஒருசெல் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து, தான் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் அதற்குத் தங்குமிடமும் கார்பன் டை ஆக்சைடும் ஊட்டப்பொருள்களும் தருகிறது. கூட்டுயிர் வாழ்க்கைக்கு லைக்கனையும் அவரை வேர் முடிச்சையும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் நாம், பவளத்தையும் அந்த வரிசையில் சேர்க்கலாம்.

ஆகவே, பவளத் தொட்டியின் மேலே எரியும் விளக்கு அழகுக்காக மட்டும் எரிவதில்லை. அது அந்த உயிரின் சாப்பாடு. குறைந்தால் பட்டினி, கூடினால் வேறு ஆபத்து. ஒளி அளவு மீறும்போது நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு திணறி, செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. பவளம் தன் நுண்பாசிகளை இழக்கிறது. நிறம் தந்தவை போய்விட்டதால், கண்ணாடி போன்ற திசு வழியாக வெள்ளைக் கூடு தெரிகிறது. இதைத்தான் பவளம் வெளிறுதல் என்கிறோம். வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. நிலைமை சீக்கிரம் சரியானால் பிழைத்துக்கொள்ளும். நீடித்தால் பட்டினியால் இறந்துபோகும்.

நீல விளக்கும் ஏமாறும் கண்ணும்

பவளத் தொட்டிகளின் படங்களில் ஒளி பெரும்பாலும் நீலமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் கடலில் இருக்கிறது. நீர் சிவப்பு ஒளியை விரைவாக உறிஞ்சிவிடுகிறது. தெளிந்த கடலிலும் முதல் பத்து மீட்டருக்குள் அதில் பெரும்பகுதி மறைந்துவிடும். நீல ஒளியே ஆழம் வரை போகிறது. பவளத்தின் நுண்பாசிகள் அந்த நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்தும் நிறமிகளைக் கொண்டவை. எனவேதான் பவளத் தொட்டிக்கான எல்.இ.டி. விளக்குகளில் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி அதிகம் வைக்கிறார்கள்.

நீல எல்.இ.டி. எளிதில் கிடைத்துவிடவில்லை. சிவப்பும் பச்சையும் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1990களின் தொடக்கத்தில்தான் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவானது. அதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் வகுப்பறையின் வெள்ளை எல்.இ.டி. விளக்கும் பொதுவாக ஒரு நீல எல்.இ.டி.தான், அதன்மேல் பூசிய மஞ்சள் நிறப் பாஸ்பர்தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது.

ஏமாற்றம் நேர்வது இங்கேதான். மனிதக் கண் 555 நானோமீட்டர் பச்சை ஒளியை மிக நன்றாக உணரும். அதே அளவு ஆற்றலுடைய 450 நானோமீட்டர் நீல ஒளியை உணரும் திறன் அதில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான். லூமனும் லக்ஸும் மனிதக் கண்ணின் இந்த உணர்திறனை வைத்து வரையறுக்கப்பட்ட அலகுகள். ஆகவே நீல விளக்கின் கீழ் லக்ஸ் மீட்டர் குறைந்த எண்ணைக் காட்டும். கண்ணுக்கும் மங்கலாகத் தெரியும். "வெளிச்சம் போதவில்லையே" என்று நினைத்து ஒருவர் விளக்கைக் கூட்டுவார். பவளத்துக்கோ ஒளி ஏற்கெனவே அதிகமாகியிருக்கும். கண் அளக்கும் வெளிச்சம் வேறு, உயிர் வாங்கும் ஒளி வேறு.

இதனால் ஒளிச்சேர்க்கைக்கு வேறொரு அளவு தேவைப்படுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களை, அதாவது ஃபோட்டான்களை, எண்ணும் முறை அது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான்கள் விழுகின்றன என்று அளப்பார்கள். அதற்கான கருவியைப் பார் மீட்டர் என்பார்கள். தெளிவான வானில் உச்சி வெயில் ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல். தொட்டி வளர்ப்பவர்கள் மென்பவளங்களுக்குப் பொதுவாக 50 முதல் 150 வரையும், கிளை விடும் கடினப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும் வைத்துக்கொள்கிறார்கள்.

அனுபவசாலிகள் மாற்றும் முறை

பழைய விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றும்போது விவரம் தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது.

1. பழைய விளக்கைக் கழற்றும் முன், பவளம் இருக்கும் ஆழத்திலேயே ஒளியை அளந்து குறித்துக்கொள்வார்கள்.

2. புதிய விளக்கை அதே அளவுக்குக் குறைத்து வைத்துத் தொடங்குவார்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள்.

3. ஒளியைக் குறைக்கும் வசதி விளக்கில் இல்லாவிட்டால், விளக்கை உயர்த்திக் கட்டுவார்கள்; மெல்லிய வலையை இடையில் விரிப்பார்கள்; அல்லது பவளத்தைத் தொட்டியின் அடிப்பகுதிக்கு மாற்றுவார்கள்.

4. டைமர் பொருத்தி, நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் மட்டுமே எரிய விடுவார்கள்.

5. நிறத்தைக் கவனிப்பார்கள். பவளம் வெளுத்தால் ஒளி அதிகம். பழுப்பேறினால் ஒளி குறைவாக இருக்கலாம். கிடைக்கும் கொஞ்ச ஒளியைப் பிடிக்க நுண்பாசிகள் பெருகுவதன் அடையாளம் அது.

டியூப்லைட்டின் ஒளி தொட்டி முழுவதும் பரவி விழும். எல்.இ.டி. ஒளி சிறு புள்ளிகளிலிருந்து வருவதால் ஓரிடத்தில் குவிந்தும் அடுத்த இடத்தில் நிழலாகவும் விழக்கூடும். எனவே ஓரிடத்தில் அளந்தால் போதாது. நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும்.

பள்ளியில் பவளத் தொட்டி வேண்டாம்

இதைப் படித்துவிட்டு ஆர்வமுள்ள ஆசிரியர் யாரும் கடற்கரையிலிருந்து பவளத்தை எடுத்து வரக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் குற்றம். சுற்றுலா சென்ற மாணவர் பவளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அதை அறிவியல் மூலையில் வைத்துப் பாராட்டாமல், இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்வதே சரி.

நமக்கு உரிய பவளத் தொட்டி மன்னார் வளைகுடாதான். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010இலும் 2016இலும் கோடையில் கடல் வழக்கத்தைவிடச் சூடானபோது அங்கே பவளங்கள் பெருமளவில் வெளிறின. நீர் சூடாக இருக்கும்போது, வழக்கமாகத் தாங்கக்கூடிய வெயிலே நுண்பாசிக்கு மிகையாகிவிடுகிறது. தொட்டியில் விளக்கைக் குறைத்துவிடலாம். கடலில் அப்படி ஒரு சுவிட்ச் இல்லை.

ஹைட்ரில்லாவைக் கொண்டு செய்து பார்க்கலாம்

சட்டச் சிக்கலும் செலவும் இல்லாமல் இதே பாடத்தை நடத்த ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு தண்டு ஹைட்ரில்லா, ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு, ஓர் அளவுகோல் போதும். குவளை நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்தால் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். புதிதாக வெட்டிய தண்டின் முனையிலிருந்து குமிழிகள் வரும்.

பல்பை 20 செ.மீ. தொலைவில் வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, ஒரு நிமிடத்தில் வரும் குமிழிகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு 40 செ.மீ. தொலைவில் எண்ணட்டும். அடுத்து நீலம், பச்சை, சிவப்பு செலோபேன் தாள்களை ஒவ்வொன்றாக இடையில் வைத்து எண்ணட்டும். ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் உள்ள லக்ஸ் செயலி காட்டும் எண்ணையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். லக்ஸ் வரிசையும் குமிழி வரிசையும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. மூன்று தாள்களும் ஒரே அளவு ஒளியை விடுவதில்லை. இந்தச் சோதனையின் குறை அது. அந்தக் குறையை மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது. தொடக்க வகுப்புகளுக்குத் தொலைவும் குமிழியும் மட்டும் போதும்.

பாதுகாப்பில் கவனம் தேவை. நீருக்குள் கை விடும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கினால், வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டிவிடும். எல்.இ.டி.யை நேராக உற்றுப் பார்க்க விடக் கூடாது.

எங்கள் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீரை வாரந்தோறும் மாற்றினோம். விளக்கை ஒரு முழம் உயர்த்திக் கட்டி, எரியும் நேரத்தை 6 மணியாகக் குறைத்தோம். மீன்களுக்குப் போடும் தீனியையும் குறைத்தோம். மிஞ்சும் தீனியும் பாசிக்கு உரம்தான் என்று மாணவர்களே சொன்னார்கள். ஒரு மாதத்தில் நீர் தெளிந்தது. கேள்வி கேட்ட மாணவி இப்போது தொட்டியின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அதன் முதல் பக்கத்தில் வாட், லூமன், லக்ஸ், ஃபோட்டான் என்று நான்கு பத்திகள் போட்டிருக்கிறாள். கடைசிப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது. "அதை அளக்க நம்மகிட்ட மீட்டர் இல்ல சார், அதனால பாசியைப் பார்த்து எழுதுறேன்" என்கிறாள்.