எஞ்சினின் முதுகெலும்பு!
தேய்ந்துபோன "கிராங்க் ஷாப்ட்"டை மாற்றுவது எப்படி?

இங்கிலாந்தில் அபிங்டன் என்று ஓர் ஊர். அங்கே 1962-ம் ஆண்டு முதல் 1980-ம் ஆண்டு வரை "எம்.ஜி.பி." என்ற ஸ்போர்ட்ஸ் கார் தயாரானது. 5 லட்சம் கார்களுக்கு மேல் வெளிவந்தன.

தொழிற்சாலையை மூடி விட்டார்கள். ஆனால் கார்கள் இன்னும் ஓடுகின்றன. சொந்தக்காரர்கள் அவற்றைப் பிள்ளைபோல் பாதுகாக்கிறார்கள்.

நம் நாட்டு அம்பாசடர் காரில் வெகுகாலம் இருந்த 1,489 சி.சி. எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சினும் அண்ணன்-தம்பி முறை. இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள்!

என்ன வேலை?

எஞ்சினுக்குள் 4 பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் வருகின்றன. அந்த ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவதுதான் கிராங்க் ஷாப்ட். சைக்கிள் மிதிப்பதை நினைத்துப் பாருங்கள். கால் மேலும் கீழும் போகிறது. சக்கரம் சுற்றுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

நிமிடத்துக்கு 5 ஆயிரம் சுற்று என்றால், விநாடிக்கு 83 சுற்று! இவ்வளவு வேகத்திலும் இரும்பும் இரும்பும் உரசுவதில்லை. நடுவே மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அதுதான் எஞ்சினின் உயிர்.

ஆபத்து எப்போது?

பல ஆண்டுகள் ஓடினால் ஷாப்ட் தேயும். வட்டமாக இருந்த இடம் முட்டை வடிவம் ஆகும். இடைவெளி பெருகும். ஆயில் அதன் வழியே ஓடி விடும். ஆயில் அழுத்தம் குறையும்.

அப்புறம் "டொக், டொக்" என்று சத்தம் கேட்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால், கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். பிறகு எஞ்சின் முழுவதும் பாழ்!

அளந்து பார்!

எஞ்சினைக் கழற்றியதும் மெக்கானிக் மைக்ரோமீட்டரை எடுக்கிறார். ஒவ்வொரு இடத்தையும் பல பக்கமும் அளக்கிறார்.

தேய்மானம் கொஞ்சம்தான் என்றால் மாற்ற வேண்டாம். கிரைண்டிங் செய்து மீண்டும் வட்டமாக்கலாம். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு எடுப்பார்கள். அதற்கு ஏற்றபடி தடித்த பேரிங் போடுவார்கள். இப்படி 20, 30, 40 வரை போகலாம். அதற்கு மேல் கூடாது.

விரிசல் இருந்தால் கிரைண்டிங்கும் உதவாது. விரிசலைக் கண்டுபிடிக்க ஷாப்டைக் காந்தமாக்கி, இரும்புத் தூள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். விரிசல் உள்ள இடத்தில் தூள் கோடுபோல ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கோடு தெரிந்தால், வேறு ஷாப்ட்தான்!

மூன்றா? ஐந்தா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் வந்த எம்.ஜி.பி. எஞ்சினில் ஷாப்டை 3 பேரிங்குகள் தாங்கின. 1964-ம் ஆண்டு இறுதியில் அதை 5 ஆக்கினார்கள். ஒன்றின் ஷாப்ட் மற்றதில் பொருந்தாது. வாங்கும் முன்பே எஞ்சின் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூட்டும் விதம்

முதலில் ஷாப்டின் ஆயில் துவாரங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு துளி அழுக்கு இருந்தாலும் புது பேரிங் கெட்டு விடும்.

பேரிங் மூடிகளை இடம் மாற்றக்கூடாது. எது எங்கே இருந்ததோ, அங்கேயே போக வேண்டும்.

இடைவெளியை அறிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நூல் இருக்கிறது. அதை வைத்து மூடியை முறுக்கிக் கழற்றினால் நூல் நசுங்கி இருக்கும். அதன் அகலமே இடைவெளியைச் சொல்லி விடும்.

பிறகு ஆயில் தடவிப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு மூடியை முறுக்கியதும் ஷாப்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால், அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்ற விட வேண்டும். ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே உயிர் கொடுக்க வேண்டும். முதல் சில நூறு மைல்கள் மெதுவாக ஓட்டி, ஆயிலை மாற்ற வேண்டும்.

உங்களிடம் எந்த வண்டி இருந்தாலும் இது பொருந்தும்: ஆயிலை வேளை தவறாமல் மாற்றுங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆயிலுக்கு ஆகும் செலவு கொஞ்சம். கிராங்க் ஷாப்டுக்கு ஆகும் செலவு அதிகம்!