‘ஓரமா போ’ன்னா எந்த ஓரம்? திண்டுக்கல் சாலைகளில் சைக்கிள் - வாகன ஓட்டிகள் உரசல்... சட்டம் யார் பக்கம்?

"ஓரமா போக மாட்டியா?" - சைக்கிளில் போகிற எல்லாரும் ஒரு தடவையாவது வாங்கியிருக்கும் திட்டு இது. "நடு ரோட்டுல வந்தா நாங்க எப்படித்தான் வண்டி ஓட்டுறது?" - இது பஸ், லாரி, கார் ஓட்டுபவர்களின் கேள்வி.

திண்டுக்கல் நகரத்திலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் தினமும் நடக்கும் சண்டைதான். ஆனால் இந்தச் சண்டையில் ஒரு பக்கம் தோற்றால் கொஞ்சம் நேரம் போகும். இன்னொரு பக்கம் தோற்றால் உயிரே போகும். ரோட்டில் சைக்கிளுக்கு உரிமை இருக்கிறதா, சட்டம் என்ன சொல்கிறது, அடிபட்டால் இழப்பீடு கிடைக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

திண்டுக்கல்லில் ஏன் இவ்வளவு நெருக்கடி?

திண்டுக்கல் பல சாலைகள் வந்து சேரும் ஊர். கரூரிலிருந்து மதுரைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, கோவை - பழனி - திருச்சி வழியாக நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலை 83, தேனி வழியாகக் கேரளாவுக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 183 எல்லாமே இந்த ஊரைத் தொட்டுத்தான் போகின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறி லோடு, நிலக்கோட்டை பூ, வேடசந்தூர் - வடமதுரை பக்கத்து நூற்பாலைகளின் சரக்கு, பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் சுற்றுலா வண்டிகள் என்று எந்த நேரமும் போக்குவரத்து இருக்கும்.

அதே சாலைகளில்தான் உள்ளூர் சைக்கிள்களும் ஓடுகின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், ஷிப்ட்டுக்குப் போகும் தொழிலாளர்கள், பால் கேன் கட்டிய பெரியவர்கள், டீ கேனோடு சுற்றுபவர்கள். சிறுமலையை விட்டுவிட்டால் சுற்றிலும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத நிலம். சைக்கிள் மிதிக்கத் தோதான ஊர்தான்.

நான்கு வழிச் சாலையில் காருக்கு மத்திய அரசு நிர்ணயித்த அதிகபட்ச வேகம் மணிக்கு 100 கி.மீ., சரக்கு வாகனத்துக்கு 80 கி.மீ. சைக்கிளின் வேகம் சுமார் 15 கி.மீ. இந்த மூன்றும் தடுப்பே இல்லாமல் ஒரே தாரில் ஓடுகின்றன. உரசலின் ஆரம்பம் இங்கேதான்.

சைக்கிள் கொடுத்தாச்சு... பாதை?

தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ, மாணவியர் எல்லாருக்கும் விரிவானது. பிளஸ் 1 சேர்ந்ததும் சைக்கிள் கைக்கு வரும்.

சைக்கிள் ஒரு பிள்ளையின் படிப்பை எவ்வளவு மாற்றும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பீகாரில் 2006ல் மாணவிகளுக்கு இதே போன்ற திட்டம் தொடங்கப்பட்டது. அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் மாணவிகளின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டறிந்தார்கள். பஸ் வராத ஊரில் சைக்கிள்தான் பள்ளிக்கூடத்துக்கு வழி.

ஆனால் கிராமத்துச் சாலையில் மூன்று கி.மீ. பத்திரமாக வந்த மாணவி, நெடுஞ்சாலையைத் தொட்டதும் லாரிகளோடு ஓட வேண்டியிருக்கிறது. "அந்த ரோட்டுல சைக்கிள்ல போகாதே" என்று வீட்டில் சொல்லிவிட்டால், அரசு கொடுத்த சைக்கிள் திண்ணையில் நிற்கும். அடுத்து நிற்பது படிப்பாகவும் இருக்கலாம்.

‘ஓரம்’ எங்கே இருக்கிறது?

‘ஓரமா போ’ என்று சொல்வது சுலபம். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

* தார் முடியும் இடத்தில் அரை ஜாண் பள்ளம். அதில் சக்கரம் இறங்கினால் ஹேண்டில் திரும்பி, ரோட்டுப் பக்கமாகவே விழ நேரிடும்.
* காற்றில் வந்து சேரும் மணல், ஜல்லி. மெல்லிய டயர் வழுக்கும்.
* நிறுத்தி வைத்த கார், ஆட்டோ, தள்ளுவண்டி, கடை போர்டு. கார் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.
* எதிர்த்திசையில் வரும் பைக்குகள்.

சைக்கிள்காரர் திடீரென்று ரோட்டின் உள்பக்கம் வருவதற்குப் பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்றுதான் காரணம். பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு அந்தப் பள்ளம் தெரியாது, சைக்கிள் வளைந்தது மட்டும்தான் தெரியும். ‘ஒழுங்கா ஓட்டத் தெரியலை’ என்ற கோபம் அங்கே பிறக்கிறது.

ஓட்டுநர்கள் சொல்வதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. ராத்திரியில் லைட், ரிஃப்ளெக்டர் இல்லாமல் வரும் சைக்கிளை எதிர் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். பள்ளி விட்டதும் மூன்று பேர் வரிசை கட்டிப் பேசிக்கொண்டு போவது, கை காட்டாமல் வலது பக்கம் திரும்புவது, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மிதிப்பது எல்லாமே ஆபத்துதான்.

லாரி, பஸ்ஸின் இடது பக்கத்தில் ஓட்டுநர் கண்ணுக்கே தெரியாத பகுதி ஒன்று உண்டு. சிக்னலில் நிற்கும் லாரியின் இடதுபுறம் சைக்கிள் நுழைந்தால், லாரி திரும்பும்போது சக்கரத்தில் சிக்க வாய்ப்பு அதிகம். லாரி கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, நான்கு வழிச் சாலையில் எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டுவது. நடுத் தடுப்பில் திறப்பு தூரமாக இருப்பதால் பலர் இப்படி வருகிறார்கள். 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரியும் 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளும் ஒரே திசையில் போனால், இரண்டுக்கும் இடையே நெருங்கும் வேகம் 65 கி.மீ.தான். எதிரெதிரே வந்தால் அது 95 கி.மீ. சுதாரிக்க நேரமே கிடைக்காது.

15 விநாடிக் கணக்கு

முந்த வழியில்லாத நெருக்கமான தெருவில், சைக்கிளுக்குப் பின்னால் 100 மீட்டர் பொறுமையாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளின் 15 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 24 விநாடி ஆகும். 40 கி.மீ. வேகத்தில் போனால் 9 விநாடி. ஆக, பொறுத்துப் போவதால் உங்களுக்கு நஷ்டம் 15 விநாடி. அடுத்த சிக்னலில் அதைவிட அதிக நேரம் நிற்போம்.

அவசரத்தின் விலை வேறு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 30 கி.மீ. வேகத்தில் அடித்தால் பிழைக்கக்கூடிய ஒருவர், 60 கி.மீ. வேகத்தில் பிழைப்பது கடினம். சைக்கிளில் இருப்பவருக்கு பம்பரும் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது.

2022ல் நாட்டிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடுதான் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. நாடு முழுவதும் சாலை விபத்தில் இறப்பவர்களில் 100க்கு சுமார் 3 பேர் சைக்கிளில் போனவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988ன்படி சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை. அதனால் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. அதற்காக ரோட்டில் ஓட்ட உரிமை இல்லை என்று ஆகிவிடாது. பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, சைக்கிள் போன்றவற்றுக்குத் தடை விதித்தது போல, தனியாக அறிவித்த சாலைகளில்தான் ஓட்டக் கூடாது.

மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017 இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் வாகனம் ஓட்டுபவர் தனிக் கவனம் எடுக்க வேண்டும். சைக்கிள் பாதை இருந்தால் அதில் மோட்டார் வாகனத்தை ஓட்டவோ நிறுத்தவோ கூடாது. சுருக்கமாகச் சொன்னால், பெரிய வண்டிக்குப் பெரிய பொறுப்பு.

ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி கட்டாயம். இங்கே அப்படி ஒரு அளவு பழக்கத்தில் இல்லாததால், ‘போதுமான இடைவெளி’ எது என்பதில்தான் சண்டை வருகிறது. சைக்கிள்காரர் கையை நீட்டினாலும் வண்டியில் படாத அளவு தள்ளிப் போவது குறைந்தபட்ச நாகரிகம்.

சைக்கிள்காரர் தப்பு செய்தால் சட்டம் கேட்காதா என்றால், கேட்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281வது பிரிவு, பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி ‘எந்த வாகனத்தை’ ஓட்டினாலும் குற்றம் என்கிறது. 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

‘அவங்க ரோடு டாக்ஸ் கட்டலையே?’

அடிக்கடி வரும் வாதம் இது. பைக், கார் வாங்கும்போது கட்டும் வரி அந்த வாகனத்துக்கான வரி. சாலையின் விலை அல்ல. ஊர்ச் சாலைகளைப் போடும் பணத்தில் சொத்து வரியும் இருக்கிறது, சோப்பு முதல் சைக்கிள் டயர் வரை எல்லாரும் கட்டும் ஜி.எஸ்.டி.யும் இருக்கிறது. ரோட்டை உடைப்பது சைக்கிளின் எடையும் இல்லை.

ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் உள்ளாட்சியில் லைசென்ஸ் வில்லை வாங்க வேண்டும். விளக்கில்லாமல் போனாலும், ‘டபுள்ஸ்’ அடித்தாலும் போலீஸ் பிடிக்கும். வீட்டில் தாத்தாவிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். அந்த முறை போய்விட்டது. ஆனால் ரோட்டில் சைக்கிளை ஒரு வாகனமாக மதித்த பார்வையும் கூடவே போய்விட்டது.

சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு

கோவையைச் சேர்ந்த எலும்பியல் நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தார். அந்த வழக்கில் 2025 அக்டோபர் 7ஆம் தேதி முக்கியமான உத்தரவு வந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் 138(1ஏ) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மோட்டார் இல்லாத வாகனங்களும் பாதசாரிகளும் பொதுச் சாலைகளையும் தேசிய நெடுஞ்சாலைகளையும் பயன்படுத்துவது பற்றி மாநில அரசுகள் விதிகள் உருவாக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. இந்த விதிகளையும், 210டி பிரிவின்படி சாலை வடிவமைப்பு, பராமரிப்புக்கான விதிகளையும் 6 மாதத்துக்குள் உருவாக்கும்படி மாநிலங்களுக்கு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள்.

சைக்கிள் எங்கே போகலாம், அதற்கு என்ன வசதி வேண்டும் என்பது இனி ஓட்டுநரின் கருணையைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது என்பதுதான் இதன் சாரம்.

சைக்கிளில் போய் அடிபட்டால் என்ன செய்வது?

* 108க்கு அழையுங்கள். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனையிலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும். அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பொருந்தும்.
* மோதிய வண்டியின் நம்பர், இடம், நேரம் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். உதவி செய்பவரை சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.
* மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். நகல் இரண்டையும் வாங்குங்கள். ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று 500, 1,000 ரூபாயோடு விட்டுவிட்டால், உள்காயம் பிறகு தெரிந்தாலும் இழப்பீடு கேட்பது கடினம்.
* சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் தேவையில்லை. மோதிய வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலிருந்துதான் இழப்பீடு வரும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். 6 மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது.
* வண்டி நிற்காமல் போய்விட்டால்? உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இங்கே ஆர்.டி.ஓ. என்பது வருவாய் கோட்டாட்சியர், லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ் இல்லை.

தீர்வு இருக்கிறதா?

இன்று சைக்கிளுக்குப் பேர் போன நெதர்லாந்தில் 1971ல் மட்டும் சுமார் 3,300 பேர் சாலையில் செத்தார்கள். அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் அங்கே தனிப் பாதைகள் வேகமாக வந்தன. சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தது.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பழனி சாலையில் பாதயாத்திரை பக்தர்களுக்காக ஓரத்தில் பல இடங்களில் நடைபாதை போடப்பட்டிருக்கிறது. நடப்பவர்களை வண்டிகளிலிருந்து பிரித்தால் உயிர் பிழைக்கும் என்பது இந்த மாவட்டத்துக்குப் புரிந்த விஷயம்தான். வருடம் முழுவதும் மிதித்துப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே கணக்குதான். எல்லா இடத்திலும் தனிப் பாதை போட முடியாது. ஆனால் பள்ளிகளைச் சுற்றி வேகக் கட்டுப்பாடு, தார் ஓரத்துப் பள்ளத்தை நிரப்புவது, ஓரத்தில் வண்டி நிறுத்துவதைத் தடுப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

உங்கள் பகுதியில் அப்படி ஆபத்தான இடம் இருந்தால் போட்டோவோடு மனு கொடுக்கலாம். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு ஆட்சியர் தலைமையில்தான் இயங்குகிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு தரலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை போய்க் கேட்க அதுதான் ஆதாரம்.