அலையில் ஆடும் பிள்ளையா? உள்ளங்காலைப் பாருங்கள்!

“டாக்டர், இவளை நீங்களே கொஞ்சம் கேளுங்க. சனி, ஞாயிறு வந்தா போதும்... விடியறதுக்கு முன்னாடி ஈ.சி.ஆர். பக்கம் ஓடிடறா. பலகையைப் போட்டுக்கிட்டு அலை மேல நிக்கிறாளாம்! எப்படி இருந்த பொண்ணு... பாருங்க, கரிக்கட்டையா ஆயிட்டா!”

போன கோடையில் திருவான்மியூரில் உள்ள என் சிகிச்சை நிலையத்துக்கு வந்த ஒரு தாயாரின் புலம்பல் இது. பக்கத்தில் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. “கறுத்தா என்னம்மா இப்போ?” என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கழுத்தைப் பார்த்தேன். வெயிலில் கறுத்தது மட்டும் இல்லை. ஏதோ வழிந்து ஓடினாற்போல் பழுப்புக் கோடுகள். இரண்டு இடத்தில் கொப்புளம் உடைந்த தடம்.

“கழுத்துல என்னம்மா தடவினே?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தார்.

“எலுமிச்சம்பழச் சாறு டாக்டர்... கறுப்பு போகட்டுமேன்னு, கடல்லேர்ந்து வந்ததும் நான்தான் தேய்ச்சு விடுவேன். அதோட ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு கிளாஸுக்குப் போயிடுவா.”

வியாதி அங்கேதான் இருந்தது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள சில பொருள்கள் தோலில் படிந்து, அதன் மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். கொப்புளம் வரும். ஆறிய பிறகு பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கடலும் வெயிலும் செய்யாததை வீட்டு வைத்தியம் செய்துவிட்டது!

எலுமிச்சையை நிறுத்தச் சொல்லிவிட்டு சீட்டு எழுதும்போது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். “டாக்டர், ஆஸ்திரேலியாவுல அலைச் சறுக்கு ஆடறவங்களுக்குத் தோல் புற்று நிறைய வருதாமே. எனக்கும் வருமா? எங்க மாஸ்டர்தான் உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

மாஸ்டர் யார் என்று சொன்னாள். அவர் எனக்குத் தெரிந்தவர். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அவள் கேள்வி.

வெள்ளைத் தோலும் நம் தோலும்

சர்ஃபிங் என்கிற அலைச் சறுக்கு இன்று நமக்கு அந்நிய விளையாட்டு இல்லை. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம் பிடித்தது. 2023-ல் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியே நடந்தது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் ஐ.டி. கம்பெனி இளைஞர்களும் ஒரே அலைக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா பற்றி அந்தப் பெண் கேள்விப்பட்டது உண்மைதான். அங்கே மூன்று பேரில் இரண்டு பேருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. ஐரோப்பிய வம்சத்து வெள்ளைத் தோல், கொளுத்தும் வெயில், கடற்கரை வாழ்க்கை, மூன்றும் சேர்ந்த விளைவு. 1981-லேயே ஒரு கடற்பறவைப் பொம்மையை டி.வி.யில் ஆடவிட்டு, சட்டை போடு, கிரீம் தடவு, தொப்பி வை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பின்னால் நிழலில் ஒதுங்குவதையும் கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்தார்கள்.

நம் தோலில் மெலனின் என்ற கரும்பொருள் அதிகம். தாயார் எதைப் பார்த்து அழுதாரோ, அந்தக் கறுப்புதான் இயற்கை நமக்குப் பிடித்த குடை! அதனால் வெயிலால் வரும் தோல் புற்று நம்மிடம் மிகக் குறைவு. “பயப்படாதேம்மா. ஆஸ்திரேலியாக்காரருக்கு உள்ள ஆபத்து உனக்குக் கிடையாது” என்றேன்.

ஆனால், ‘நமக்கு வரவே வராது’ என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி ஒருவர் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர்தான் அந்த மாஸ்டர்.

நான் தவறவிட்ட பாதம்

ஆறு வருடம் இருக்கும். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர், நாற்பதைத் தாண்டியவர். வெறுங்காலோடே வளர்ந்த மனிதர். குதிகால் ஓரத்தில் மிளகு அளவை விடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புத் தடம்.

“சிப்பி கிழிச்ச தழும்பு ஐயா. மணல்ல நடந்தா உறுத்துது” என்றார்.

நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கால் ஆணி கெட்டியாகிவிட்டது என்று முடிவு கட்டி, மேலே வைத்துக் கட்ட மருந்து கொடுத்தேன். இரண்டு மாதம் கட்டினார்.

மறுபடி வந்தபோது தடம் பெரிதாகி இருந்தது. ஓரம் கோணல்மாணல். ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் பழுப்பு. “பலகையில ஏறி நின்னா ரத்தம் கசியுது ஐயா” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்து, அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். மெலனோமா! தோல் புற்றுகளில் மோசமான வகை.

அந்த இடத்தை ஆழமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். இடுப்பு மடிப்பில் உள்ள நெறிக்கட்டியைச் சோதித்ததில் பரவவில்லை என்று தெரிந்தது. ஒரு வருடம் அவர் கடலில் இறங்கவில்லை. பிழைத்துக்கொண்டார்.

மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் நோயாளியின் விதியே எழுதப்படுகிறது. அந்த இரண்டு மாதத்தில் அது எவ்வளவு இறங்கியதோ! அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

வெயில் படாத இடத்தில் எப்படி?

இதுதான் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கறுத்த தோலும் மாநிறத் தோலும் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால், அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் வருகிறது. அதற்கு வெயில் காரணம் இல்லை. அதனால் சன் ஸ்கிரீனும் அதைத் தடுக்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் வழி.

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். 1977-ல் அவருடைய கால் பெருவிரல் நகத்தின் அடியில் இருந்தது இதே மெலனோமாதான். கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981 மே மாதம், 36 வயதில் இறந்துபோனார்.

அலைச் சறுக்கு ஆடுகிறவர்களுக்குச் சிப்பி, பாறை, முள் என்று காலில் தினம் ஒரு காயம். ‘அதுவும் அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவது சுலபம். அவர்கள்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

கடலில் வெயில் இரண்டு பக்கம்

“அப்போ எனக்கு சன் ஸ்கிரீனே வேண்டாமா டாக்டர்?” என்று கேட்டாள் பெண். வேண்டும்! புற்று குறைவு என்றால் வெயில் நம்மை ஒன்றும் செய்யாது என்று அர்த்தம் இல்லை. தோல் எரிச்சல், கன்னத்தில் மங்கு, இளம் வயதிலேயே சுருக்கம், கண் கோளாறு எல்லாம் நமக்கும் உண்டு.

கடலில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. அலை நுரை நான்கில் ஒரு பங்கு புற ஊதாக் கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கும். காய்ந்த மணல் சுமார் 15 சதவீதம் திருப்பும். அரை மீட்டர் தண்ணீருக்கு அடியிலும், மேலே உள்ளதில் 40 சதவீதம் இருக்கும். ‘தண்ணிக்குள்ளதானே இருக்கேன், சில்லுன்னு இருக்கே’ என்று நினைப்பது ஏமாற்று. மேகமூட்டத்தை நம்பவும் கூடாது. சூடு தெரியாது, கதிர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கதிரின் வேகத்துக்கு ஓர் அளவு உண்டு. யு.வி. இண்டெக்ஸ் என்று செல்போனிலேயே காட்டும். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். 11-ஐத் தொட்டால் உச்ச ஆபத்து. கோடை நடுப்பகலில் சென்னையில் அது 11-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். அதனால் முதல் மருந்து, நேரம்தான். காலை ஒன்பது மணிக்குள் கரை ஏறிவிடுங்கள். இல்லையா, மாலை நான்குக்கு மேல் இறங்குங்கள்.

இரண்டாவது மருந்து, துணி. உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் பனியன் விற்கிறார்கள். கழுத்து வரை மூடியதாக வாங்குங்கள். தடவின கிரீம் தண்ணீரில் கரையும். துணி கரையாது.

மூன்றாவதுதான் கிரீம். எஸ்.பி.எஃப். 30 என்று போட்டிருந்தால், எரிச்சல் உண்டாக்கும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 போட்டது 98 சதவீதம். அதிக விலை கொடுத்து எண்ணைத் துரத்த வேண்டாம். அளவுதான் முக்கியம். முகம், கழுத்து, காது சேர்த்து ஒரு டீஸ்பூன். ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒரு டீஸ்பூன். பொட்டு வைக்கிற மாதிரி தடவினால் பயன் இல்லை! கடலில் இறங்க 20 நிமிடம் முன்பே தடவி, இரண்டு மணிக்கு ஒரு தரமும் தலை துவட்டிய பிறகும் மறுபடி தடவ வேண்டும்.

சித்த வைத்தியர் சொல்லக் கூடாததா?

“என்ன டாக்டர், நீங்களே கிரீம் தடவச் சொல்றீங்க? சந்தனம், மஞ்சள், தேங்காய் எண்ணெய் போதாதா?” என்றார் தாயார்.

போதாது அம்மா. நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். என் வைத்தியத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் அது செய்யாததைச் செய்யும் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க வெயிலைத் தடுக்கும் சக்தி சந்தனத்துக்கும் எண்ணெய்க்கும் கிடையாது.

சர்ஃபிங் ஆடுகிறவர்கள் மூக்கில் வெள்ளையாகப் பூசிக்கொள்கிறார்களே, அது துத்தநாக ஆக்ஸைடு. நம் நாக பற்பமும் துத்தநாகத்தில் செய்வதுதான். அதற்காக பற்பத்தைக் குழைத்து முகத்தில் பூசாதீர்கள். அது உள்ளுக்குக் கொடுக்கச் செய்தது. மேலே பூசினால் சீராகப் பரவாது.

இன்னொரு எச்சரிக்கை. வெண்படைக்கு நாங்கள் கொடுக்கும் கார்போகரிசி, வெயிலைத் தோலுக்குள் இழுத்துவிடும் சரக்கு. அதைத் தடவுகிறவர்கள் வைத்தியர் சொன்ன நிமிடக் கணக்குக்கு மேல் வெயிலில் நிற்கக் கூடாது. நின்றால் கொப்புளம்தான். ஆங்கில மருந்திலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இப்படிச் செய்யும். கடலுக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வைத்தியம் எங்கே உதவும்? வெயிலில் வெந்து வந்த பிறகு! சோற்றுக் கற்றாழை மடலை வெட்டி, மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றை ஏழு தண்ணீரில் அலசித் தடவுங்கள். எரிச்சல் அடங்கும். இளநீர், நுங்கு, நீர்மோர் தாராளமாகக் கொடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சலோ, உடம்பெல்லாம் கொப்புளமோ வந்தால் டாக்டரிடம் போங்கள்.

கண்ணை மறக்காதீர்கள்

வெயில், உப்புக்காற்று, மணல் மூன்றும் சேர்ந்தால் கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூக்குப் பக்கமாகச் சதை வளரும். வெளிநாட்டில் இதை சர்ஃபர் கண் என்றே சொல்கிறார்கள். நம் மீனவப் பெரியவர்கள் பலருக்கு உண்டு. புற்று இல்லை. ஆனால் கருவிழி மேல் ஏறினால் பார்வையை மறைக்கும். கரையில் இருக்கும் நேரமெல்லாம் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். கீழ் உதட்டுக்கும் சன் ஸ்கிரீன் உள்ள லிப் பாம் தடவுங்கள்.

மாதம் ஒரு நாள், பத்து நிமிடம்

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் வீட்டில் எல்லோரும் பாதத்தை நீட்டுங்கள். விரல் இடுக்கு, நகம், உள்ளங்கை, முதுகு எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் பாருங்கள். கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்:

* பாதி ஒரு மாதிரியும் பாதி வேறு மாதிரியும் உள்ள மச்சம், ஓரம் கோணலானது, பல நிறம் கலந்தது.
* பென்சில் முனை ரப்பரை விடப் பெரிதான, அல்லது பெரிதாகிக்கொண்டே போகிற கறுப்புத் தடம்.
* நகத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, அகலமாகிக்கொண்டே போவது, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுவது.
* நான்கு வாரமாகியும் ஆறாத புண். பழைய தீக்காயத் தழும்பில் புதிதாக வந்த புண்.
* அரிக்கிற, ரத்தம் கசிகிற மச்சம்.

நம் தோலில் மச்சம் சகஜம். நூற்றில் தொண்ணூற்றொன்பது ஒன்றும் இல்லாததாகத்தான் இருக்கும். அதைச் சொல்ல வேண்டியவர் தோல் டாக்டர். அவர் பார்க்கும் முன் அந்த இடத்தில் எதையும் தடவாதீர்கள், சுடாதீர்கள், கிள்ளாதீர்கள், நூல் கட்டாதீர்கள். சித்த வைத்தியர் சொன்னாலும் வேண்டாம். அந்த வைத்தியர் நானாகவே இருந்தாலும்!

போன மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். கழுத்தில் கோடுகள் மங்கிவிட்டன. தாயாரும் கூட வந்திருந்தார்.

“இவங்க மாஸ்டர் என்ன செய்றார் தெரியுமா டாக்டர்? மாசம் முதல் ஞாயித்துக்கிழமை எல்லாப் பிள்ளைங்களையும் மணல்ல வரிசையா உக்காத்தி வெச்சு, ‘காலைக் காட்டு’ன்னு ஒவ்வொருத்தரா பாக்கறார். அப்புறம்தான் பலகையைத் தொட விடறாராம்.”

“உங்க கால்?” என்றேன்.

தாயார் சிரித்தார். “அதையும் இவ பாத்துட்டா டாக்டர்.”