பரண் மேல் தூங்கும் கல்யாணப் படங்கள்!

பெரிய மகளின் கல்யாணப் படங்கள் எங்கே? பேரன் முதன் முதலாக எழுந்து நின்ற படம் எங்கே? தாத்தா ஊஞ்சலில் உட்கார்ந்து சிரித்த படம் எங்கே?

"எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதுதான் கெட்டுப்போய்விட்டதே!" என்று பல வீடுகளில் பெருமூச்சு விடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் கெட்டிருக்கலாம். அதனால் படங்களும் கெட்டுவிட்டன என்று அர்த்தம் அல்ல! பரண் மேல், தூசி படிந்த பெட்டிக்குள், அவை பத்திரமாகத் தூங்கிக்கொண்டு இருக்கலாம். அவற்றை எழுப்ப ஒரு சிறு கருவி இருக்கிறது. அதன் பெயர் "அடாப்டர்".

படங்கள் எங்கே இருக்கின்றன?

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால், உள்ளே கனமான ஒரு சின்ன உலோகப் பெட்டி இருக்கும். அதுதான் "ஹார்ட் டிஸ்க்". அதற்குள் பளபளப்பான தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். படங்கள் எல்லாம் அந்தத் தட்டுகளில் காந்தப் புள்ளிகளாகப் பதிந்து இருக்கும். மின்சாரம் நின்றாலும் அவை அழிவது இல்லை.

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்தது. அதில் 2 அடி அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய யந்திரத்தில் 50 லட்சம் எழுத்துக்கள்தான் கொள்ளும். பரணில் கிடக்கும் டிஸ்க் 40 ஜி.பி. என்றால், அதில் 4,000 கோடி எழுத்துக்கள் கொள்ளும்!

மாட்ட முடியாதது ஏன்?

பழைய டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டரில் அப்படியே மாட்ட முடியாது. பழைய டிஸ்க்கின் பின்புறம் இரண்டு வரிசையாக ஊசிகள் இருக்கும். 40 கண் உள்ள பட்டை வயர் அதில் பொருந்தும். இதற்கு "ஐ.டி.இ." என்று பெயர். 2003-ல் "சாட்டா" என்ற புது முறை வந்தது. அதில் ஊசிகள் கிடையாது. 7 இணைப்புகள் கொண்ட ஒல்லியான வயர் போதும். அதன் பிறகு பட்டை வயருக்கான இடமே கம்ப்யூட்டர்களில் இருந்து மறைந்துவிட்டது.

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம் ஊர்க்காரருக்கும் நடுவே துபாஷி நிற்பார். இவர் பேச்சை அவருக்கும், அவர் பேச்சை இவருக்கும் எடுத்துச் சொல்வார். அடாப்டர் செய்வதும் அதே வேலைதான். அதன் ஒரு முனை பழைய டிஸ்க்கில் பொருந்தும். மறு முனை கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துவாரத்தில் பொருந்தும்.

வாங்கும்போது கவனியுங்கள்

மேஜைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் 3½ அங்குலம். அதற்கு 12 வோல்ட் மின்சாரமும் தேவை. சாதாரண யு.எஸ்.பி. துவாரம் தருவது 5 வோல்ட்தான். ஆகவே, சுவரில் செருகும் தனி மின்கருவியும் சேர்ந்த அடாப்டராக வாங்க வேண்டும். லேப்டாப் டிஸ்க் 2½ அங்குலம். பழையது என்றால் 44 ஊசி இருக்கும். அதற்கு 5 வோல்ட் போதும். டிஸ்க்கையே கடைக்கு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது.

மாட்டுவது எப்படி?

அடாப்டரை டிஸ்க்கில் நேராகப் பொருத்துங்கள். பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ஊசி வளைந்துவிடும்! பிறகு மின்சாரம் கொடுங்கள். தட்டு சுழலும் ஓசை கேட்டதும் யு.எஸ்.பி.யைச் செருகுங்கள். ஓடும்போது டிஸ்க்கை அசைக்கவே கூடாது.

ஓசை கேட்டும் கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரியவில்லையா? எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டிஸ்க்கின் பின்புறம் "ஜம்பர்" என்ற சிறு மூடி இருக்கும். அது "மாஸ்டர்" என்ற இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த இடம் என்பது பெரும்பாலும் டிஸ்க் மேல் ஒட்டிய காகிதத்திலேயே இருக்கும்.

இரண்டு ஆபத்துக்கள்

"டிஸ்க்கை பார்மட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் சில சமயம் கேட்கும். "வேண்டாம்" என்றே பதில் கொடுங்கள். "சரி" என்று அழுத்தினால், புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துப் போட்டது போல ஆகிவிடும்!

"கடக், கடக்" என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். படிக்கும் முள் தட்டைக் கீறக்கூடும். கீறிய இடத்தில் இருந்த படம் திரும்பி வராது. மூடியை நீங்களே திறக்காதீர்கள். தகவல் மீட்பதில் தேர்ந்தவர்களிடம் கொடுங்கள்.

எந்த டிஸ்க்கும் என்றென்றைக்கும் உழைக்காது. ஆகவே, படங்கள் தெரிந்தவுடன் பார்த்துக்கொண்டே உட்காராதீர்கள். முதலில் நகல் எடுங்கள். ஒன்று அல்ல, இரண்டு! ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று மகள் வீட்டில் இருக்கட்டும்.

பிறகு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஊஞ்சலில் தாத்தா சிரித்துக்கொண்டு இருப்பார்!