கம்பளிக்குச் சூடு உண்டா?

திருநாவலூர் வெயிலில் ஸ்வெட்டரைப் பற்றி என்ன பேச்சு என்று சிரிக்காதீர்கள். மார்கழி விடியலில் நம் ஊர்க் கோவிலுக்குப் போகும் தாத்தாக்களின் தலையைப் பாருங்கள், மப்ளர் சுற்றியிருக்கும். அதே நேரத்தில் கல்வராயன் மலையேறி வெள்ளிமலையில் இறங்கினால், உங்களுக்கே பல் கிட்டிக்கும்.

கம்பளி உடம்புக்குச் சூடு கொடுக்கும் என்று எல்லாரும் சொல்கிறோம். அது சரிதானா என்று பார்த்துவிடுவோமா?

ஒரே மாதிரியான இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஐஸ் கட்டி போடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இன்னொன்றை அடியும் வாயும் மூடும்படி ஸ்வெட்டரால் நன்றாகச் சுற்றி வையுங்கள். எந்த டம்ளரில் ஐஸ் முதலில் உருகும்?

ஸ்வெட்டர் போட்ட டம்ளர் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் முதலில் உருகுவது சும்மா வைத்த டம்ளர்! கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. வெப்பம் இங்கிருந்து அங்கே போவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். குளிரில் நம் உடம்புச் சூட்டை வெளியே விடுவதில்லை. டம்ளரில் வெளிச் சூட்டை உள்ளே விடுவதில்லை.

தடுப்பது எது? காற்று! அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளியின் வேலை, அந்தக் காற்றை ஓடவிடாமல் பிடித்து வைப்பது. ஓர் உல்லன் இழையைத் தனியே பிரித்துப் பாருங்கள், நெளிநெளியாக இருக்கும். நெளிந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியாது. நடுவில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இடைவெளிகள் விழும். அவற்றில்தான் காற்று சிறைப்படுகிறது.

அசல் கம்பளி இழையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் அடுக்கியிருப்பதுபோல, இழைமேல் மெல்லிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். கொதிக்கும் நீரில் போட்டு அடித்துத் துவைத்தால் இந்தச் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும், பிறகு விடாது; துணி சுருங்கிவிடும். அப்பாவின் ஸ்வெட்டர் தம்பிக்குச் சரியாகிவிடுவது அப்படித்தான்.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டாலும், தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அப்படி உறிஞ்சும்போது மட்டும் கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடும் என்பது வேடிக்கையான விதிவிலக்கு.

சரி, நம் பக்கத்து ஆடுகளிடம் கம்பளி உண்டா? தமிழ்நாட்டுச் செம்மறிகளில் பல இனங்களுக்கு அது கிடையாது. சென்னைச் சிவப்பு, மேச்சேரி போன்ற ஆடுகளுக்கு உடம்போடு ஒட்டிய குட்டை ரோமம்தான். வெயிலில் மேயும் ஆட்டுக்கு அது போதுமே! ஆனால் ‘திருச்சிக் கறுப்பு’ என்று ஓர் இனம் உண்டு. கருங்குறும்பை என்றும் சொல்வார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களோடு நம் கள்ளக்குறிச்சி வட்டாரமும் அதன் சொந்த மண். உடல் முழுக்கக் கறுப்பு. அதன் ரோமத்தைக் கத்தரித்து முரட்டுக் கம்பளி நெய்வதுண்டு. கறுப்புக் கம்பளிக்குச் சாயமே வேண்டாம். உங்கள் தலைமுடியைக் கறுப்பாக்கும் மெலனின்தான் அந்த ஆட்டுக்கும் நிறம் கொடுக்கிறது.

முரட்டுக் கம்பளி ஏன் குத்துகிறது? இழையின் தடிமன்தான் காரணம். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் நுனி, தோலில் பட்டால் வளையாமல் அழுத்தும். மெரினோ ஆட்டின் இழை 20 மைக்ரான் அளவுதான். அதனால் மெத்தென்று இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் மெரினோ போன்ற வெளிநாட்டு ஆடுகளை உள்ளூர் ஆட்டோடு கலந்து உருவானதுதான் நீலகிரி ஆடு. அதன் கம்பளி மென்மையானது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பேணி வளர்க்கிறார்கள்.

ஆட்டுக்காரர் போர்த்தும் கம்பளி, தறியில் நெய்தது. ஸ்வெட்டரோ ஊசியில் பின்னியது. என்ன வித்தியாசம்? தாத்தாவின் வேட்டியை இழுத்துப் பாருங்கள், நீளாது. உங்கள் பனியனை இழுங்கள், நீளும்! ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பனியனைப் பாருங்கள். வரிசை வரிசையாக ஆங்கில ‘வி’ எழுத்து தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி, அதற்குள் இன்னொன்று. இழுக்கும்போது நூல் நீளவில்லை, கண்ணிகள் உருவம் மாறுகின்றன. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். கண்ணிக்குள் கண்ணி கோக்கும் அதே வேலையைத்தான் இன்று திருப்பூர்ப் பனியன் இயந்திரங்களும் செய்கின்றன.

இதை ஊசி இல்லாமலே நீங்கள் செய்யலாம். உல்லன் நூலில் ஒரு சுருக்குக் கண்ணி போடுங்கள். அதற்குள் இரண்டு விரலை விட்டு, நூல் உருண்டைப் பக்கத்து நூலைப் பிடித்து வெளியே இழுங்கள். புதுக் கண்ணி வந்துவிட்டது! அதற்குள் விரலை விட்டு மறுபடி இழுங்கள். கொஞ்ச நேரத்தில் கையளவு சங்கிலி தயார். இப்போது உருண்டைப் பக்கத்து நூலைச் சுண்டி இழுங்கள். அத்தனையும் சரசரவென்று அவிழ்ந்து பழைய நூலாகிவிடும். இதுதான் பின்னலின் சுகம். தப்பாகப் போனால் பிரித்துத் திரும்பப் பின்னலாம்.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். கடையில் ‘உல்லன்’ என்று விற்பதில் பெரும்பகுதி ஆட்டு ரோமமே அல்ல, அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. பின்னிப் பழக அது போதும். அசலா என்று தெரிய வேண்டுமானால், பெரியவர் ஒருவரை ஒரு சிறு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தச் சொல்லுங்கள். தலைமுடி கருகும் வாசனை வந்து, சாம்பல் பொடியாக உதிர்ந்தால் அசல் கம்பளி. முடியிலும் கம்பளியிலும் இருப்பது கெரட்டின் என்ற ஒரே புரதம். உருகிக் கெட்டியான உருண்டையானால் அக்ரிலிக்.

வீட்டில் உங்களுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டர் கிடக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். கையால் பின்னியது என்றால், பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு மெதுவாகப் பிரித்து உருண்டையாகச் சுற்றுங்கள். இந்த மார்கழிக்குள் உங்கள் கையாலேயே ஒரு மப்ளர் பின்னிவிடலாம்.