திருச்சிக்கும் பலாலிக்கும் எவ்வளவு தூரம்?

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும், யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி விமான நிலையத்திற்கும் நேர்கோட்டில் தூரம் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் பாதையில் இது பாதிக்குச் சற்றே மேலாகும். இத்துணை அண்மையிலுள்ள ஊரை நம் ஜனங்கள் எட்டாத தேசம்போல் எண்ணுமாறு நேர்ந்தது ஏன் என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

2025 மார்ச் 30 அன்று இவ்விரு ஊர்களுக்குமிடையே இண்டிகோ கம்பெனியார் விமானப் போக்குவரத்தைத் தொடங்கினர். பிரயாண நேரம் சுமார் ஒரு மணி. இவ்வழியிற் செல்லும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம் உடையது. கணக்குப்படி 25 நிமிஷமும் வேண்டியதில்லை. எஞ்சிய நேரம் எங்கே போயிற்று என வாசகர்கள் கேட்கலாம். விமானம் நிற்குமிடம் விட்டுப் புறப்பட்டது முதல், சென்ற இடத்தில் நிலையாய் நிற்பது வரை உள்ள காலமே அட்டவணையிற் குறிக்கப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், வளைந்து இறங்கவும் ஆகும் நேரம் குறுகிய பிரயாணத்திலும் குறைவதில்லை. சென்னைக்கும் பலாலிக்கும் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். காலமோ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி வரையே. தூரம் இரட்டித்தும் காலம் இரட்டிக்கவில்லை.

இந்தத் தாமதம் இயந்திரத்தின் இயல்பு; அதைக் குறித்து நமக்கு வருத்தமில்லை. நாம் வருந்துவது மனிதர் செய்த தாமதத்தைக் குறித்தே. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்கு வந்தது. பின்னர் 1983இல் மூண்ட யுத்தம் 2009இல் முடிந்தது. முடிந்த பின்னும் பத்து வருஷம் இவ்வழி திறக்கப்படவில்லை. 2019இல் சென்னை விமானம் வந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் நின்றது. கொழும்பு வழி முன்னரே திறந்திருந்தும், பலாலிக்கு 2022 டிசம்பரில்தான் விமானம் மீண்டது.

இதன் பலனை அநுபவித்தவர் யார்? யாழ்ப்பாணத்தார் திருச்சிக்கு வரவேண்டின், தரை மார்க்கமாகச் சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குச் சென்று, மீண்டும் வடக்கே பறந்து வரவேண்டியிருந்தது. யுத்தத்தில் சிதறிய குடும்பங்களில் பாதி இக்கரையிலும் பாதி அக்கரையிலும் இருக்கின்றன. தாய் இறந்தாள் என்று செய்தி கேட்ட மகன், தகனத்திற்கு முன் வந்து முகம் பார்ப்பானா மாட்டானா என்பதை நிர்ணயிப்பது 185 கிலோமீட்டர் அன்று. விமானம் உண்டா இல்லையா என்பதே.

ஆகையால் இரு சர்க்கார்களுக்கும் நாம் கூறுவது இது: இப்போக்குவரத்தை லாபநஷ்டக் கணக்கொன்றால் மட்டும் அளக்கலாகாது. ஆசனங்கள் நிரம்பாத மாதங்களிலும் விமானம் நிற்காதிருக்க, தரையிறங்கும் கட்டணங்களையும் வரிகளையும் குறைக்க வேண்டும். ஏழையும் கொடுக்கக்கூடிய கட்டணம் ஏற்பட வேண்டும். இன்று உண்டு, நாளை இல்லை என்னும் வழியை நம்பி எவரும் கலியாணமோ வைத்தியமோ படிப்போ ஏற்பாடு செய்ய முடியாது.

தூரத்தை இயற்கை வகுத்தது; அதை நாம் மாற்ற இயலாது. காலத்தை வகுப்பவர் ஆட்சியாளர். அவர்கள் மனம் வைப்பின் பலாலி ஒரு மணி. மனம் வையாவிடின் மீண்டும் முப்பத்தாறு வருஷம்.